தானியமில்லாப் பூனை உணவு: தானியத்துக்குப் பதில் என்ன போட்டிருக்கிறார்கள்?

நவதானியம் என்று தமிழில் சொன்னால் நெல், கோதுமையோடு துவரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை எல்லாம் சேர்ந்தே வரும். பூனை உணவுப் பையில் ‘கிரெய்ன் ஃப்ரீ’ என்று அச்சிடுகிறவர்களின் அகராதி வேறு. அவர்களுக்குத் தானியம் என்றால் அரிசி, கோதுமை, மக்காச்சோளம், பார்லி, ஓட்ஸ் போன்ற புல்லினத்து விதைகள் மட்டும்தான். பட்டாணி, மைசூர்ப் பருப்பு, கொண்டைக்கடலை அந்தக் கணக்கில் சேராது. உருளைக்கிழங்கும் மரவள்ளி மாவும் சேராது. தானியமில்லை என்ற வார்த்தையைப் பார்த்து ‘மாவுச்சத்து இல்லை, முழுக்க இறைச்சி’ என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

மாவுச்சத்தே இல்லாமல் கிப்பிள், அதாவது உலர் உணவு உருண்டை, செய்வது கடினம். பெரும்பாலான உலர் உணவு எக்ஸ்ட்ரூடர் என்ற இயந்திரத்தில் தயாராகிறது. மாவாக்கிய பொருள்களை நீராவியும் அழுத்தமும் கொடுத்து வேகவைத்து ஓர் அச்சின் வழியே பிழிந்து தள்ளும்போது, வெந்த மாவுச்சத்துதான் பசைபோலப் பிடித்து, பொரிந்து, உருண்டைக்கு வடிவம் கொடுக்கிறது. அது மிகவும் குறைந்தால் உருண்டை உதிரும். ஆகவே அரிசியை எடுத்தால் அந்த இடத்துக்கு வேறொன்று வந்தே தீரும். வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி, வந்தது எது, எவ்வளவு என்பதுதான்.

பூனைக்கு மாவுச்சத்து விஷமா?

விஷமில்லை. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் என்ற நொதி பூனையின் எச்சிலில் இல்லை, கணையத்திலும் அது குறைவு. ஆனாலும் நன்றாக வெந்த மாவுச்சத்தைப் பூனையின் குடல் பெரும்பகுதி செரித்துவிடும். அது அரிசியிலிருந்து வந்ததா, பட்டாணியிலிருந்து வந்ததா என்பது பூனைக்குப் பெரிய வித்தியாசமில்லை. சிக்கல், அது இறைச்சியின் இடத்தைப் பிடித்துக்கொள்வதில் இருக்கிறது. பூனை முழு ஊனுண்ணி. டாரின் என்ற அமினோ அமிலம், அரகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம், நேரடி வடிவிலான வைட்டமின் ஏ ஆகியவற்றைத் தாவரங்களிலிருந்து அதனால் தேவையான அளவு உருவாக்கிக்கொள்ள முடியாது. டாரின் குறைந்தால் பூனையின் இதயத்தசை விரிந்து பலவீனமாகும் என்பதை கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பால் பியோனும் சக ஆய்வாளர்களும் 1987-இல் வெளியிட்டார்கள். அதன்பின் பூனை உணவுகளில் டாரின் அளவு உயர்த்தப்பட்டது. நாய் உணவைப் பூனைக்கு வழக்கமாகப் போடக் கூடாது என்பதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று.

பையின் பின்புறம்: ஒரு கழித்தல் கணக்கு

மாவுச்சத்தின் அளவைப் பல பைகளில் அச்சிடுவதில்லை. நாமே கணக்குப் போட வேண்டும். 100-லிருந்து புரதம், கொழுப்பு, நார்ச்சத்து, ஈரப்பதம், சாம்பல் ஆகிய ஐந்தின் சதவீதங்களையும் கழித்தால் மிஞ்சுவது மாவுச்சத்து. சாம்பல் என்பது எரித்தபின் மிஞ்சும் தாது உப்புகள். அதைக் குறிப்பிடாத பைக்கு 7 அல்லது 8 என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்று மாதிரிப் பைகளை எடுத்துக்கொள்வோம். மூன்றும் கணக்குக்காக வைத்துக்கொண்டவைதாம், ஆனால் கடையில் பார்க்கக்கூடிய எண்கள்.

முதலாவது, பட்டாணி, பருப்பு சார்ந்த தானியமில்லா உணவு. புரதம் 34, கொழுப்பு 15, நார் 4, ஈரம் 10, சாம்பல் 8. மிச்சம் 29.

இரண்டாவது, இறைச்சி மிகுந்த, மாவு குறைந்த தானியமில்லா உணவு. புரதம் 42, கொழுப்பு 20, நார் 3, ஈரம் 8, சாம்பல் 9. மிச்சம் 18.

மூன்றாவது, அரிசியும் மக்காச்சோளமும் சேர்ந்த சாதாரண உணவு. புரதம் 34, கொழுப்பு 15, நார் 3, ஈரம் 8, சாம்பல் 7. மிச்சம் 33.

முதல் பைக்கும் மூன்றாம் பைக்கும் வித்தியாசம் வெறும் 4. ‘தானியமில்லை’ என்று பெரிதாக எழுதிய பையும் எழுதாத பையும் மாவுச்சத்தில் அண்ணன் தம்பிதான். கலோரியாகப் பார்த்தால் இன்னும் தெளிவு. புரதத்துக்கும் மாவுக்கும் கிராமுக்கு 3.5, கொழுப்புக்கு 8.5 கலோரி என்று பெருக்கிக் கூட்டினால், 100 கிராமுக்கு முதல் பையில் சுமார் 348, இரண்டாவதில் 380, மூன்றாவதில் 362 கலோரி. மாவுச்சத்திலிருந்து வரும் பங்கு முறையே 29, 17, 32 சதவீதம்.

இதில் ஒரு எச்சரிக்கை. பையில் புரதமும் கொழுப்பும் ‘குறைந்தபட்சம்’ என்றும், நாரும் ஈரமும் ‘அதிகபட்சம்’ என்றும் அச்சாகியிருந்தால் கிடைக்கும் விடை தோராயமானதுதான். நிறுவனத்துக்கு எழுதி, 100 கலோரிக்கு இத்தனை கிராம் என்ற வடிவில் முழுப் பகுப்பாய்வைக் கேட்டு வாங்குவது நல்லது. கேட்டால் தராத நிறுவனத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

பட்டாணிப் பை

தானியமில்லா உணவுகளில் மிகப் பரவலானது இதுதான். குறை பொருள் பட்டியலிலேயே தெரியும், ஆனால் ஒளித்துவைத்திருப்பார்கள். பொருள்களை எடை வரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. முதலில் ‘கோழி இறைச்சி’ என்று இருக்கும். பச்சை இறைச்சியில் ஏறத்தாழ 70 சதவீதம் தண்ணீர். வேகவைத்து உலர்த்தியபின் அதன் எடை மூன்றில் ஒன்றுக்குச் சுருங்கும். அதற்குக் கீழே பட்டாணி, பட்டாணிப் புரதம், பட்டாணி ஸ்டார்ச், பட்டாணி நார், மைசூர்ப் பருப்பு என்று தனித்தனியாக எழுதியிருக்கும். ஒரே பட்டாணியை நான்காக உடைத்ததால் ஒவ்வொன்றும் கீழே இறங்கிவிடுகிறது. கூட்டினால் முதலிடம் பட்டாணிக்கே போகும்.

புரதச் சதவீதத்தையும் இது ஏமாற்றும். பட்டாணிப் புரதம் சேர்த்தால் 34 என்ற எண் கிடைத்துவிடும். ஆனால் அதில் மெத்தியோனின் என்ற அவசிய அமினோ அமிலம் குறைவு, டாரின் கிடையாது. மெத்தியோனினையும் டாரினையும் தனியாகச் சேர்த்து ஈடுகட்டியிருந்தால் ஊட்டக் கணக்கில் பிழையில்லை. ஈடுகட்டிய கணக்கு சரியா என்பது அந்த உணவை வடிவமைத்தவரின் திறமையைப் பொறுத்தது. பருப்பின் நாரால் சில பூனைகளுக்கு மலம் அதிகமாகும், வாயு சேரும். மணல் தட்டை அள்ளும்போது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

இதயம் பற்றிய பேச்சும் பருப்பைச் சுற்றியே எழுந்தது. பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு முதன்மைப் பொருள்களாக இருக்கும் உணவுக்கும் நாய்களின் இதயத்தசை விரிவு நோய்க்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்வதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் அறிவித்தது. 2019 ஜூனில் அது வெளியிட்ட விவரத்தில் நாய்கள் குறித்து 515 புகார்கள், பூனைகள் குறித்து 9. காரணம் உறுதியாகவில்லை. அர்த்தமுள்ள புதிய அறிவியல் தகவல் கிடைத்தால் மட்டுமே இனிப் பேசுவோம் என்று 2022 டிசம்பரில் நிறுத்திக்கொண்டது. பூனை வைத்திருப்பவர் இதற்காக அலற வேண்டியதில்லை. ஆனால் பட்டியலின் முதல் ஐந்தில் மூன்று பருப்பு வகைகள் இருக்கும் பையைத் தவிர்க்க இதுவும் ஒரு நியாயமான காரணம்.

கிழங்குப் பை

உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, மரவள்ளி. இவற்றில் புரதம் மிகக் குறைவு என்பதால் பையின் புரதம் பெரும்பாலும் இறைச்சியிலிருந்து வந்ததாக இருக்கும். அந்த வகையில் இது பட்டாணிப் பையைவிட நேர்மையானது. இதே 34 சதவீதப் புரதம் கிழங்குப் பையில் இருந்தால் அதற்கு மதிப்பு கூடுதல். மாவுச்சத்து மட்டும் அரிசிக்குச் சமமாகவோ அதற்கு மேலோ போகலாம். கழித்தல் கணக்கு போடாமல் வாங்க வேண்டாம்.

இறைச்சி மிகுந்த பை

ஆரோக்கியமான, சுறுசுறுப்பான பூனைக்குத் தானியமில்லா உலர் உணவுதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் பார்க்க வேண்டியது இந்த வகை. முதல் மூன்று பொருள்கள் விலங்கிலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும். அவற்றில் ஒன்றாவது ‘கோழி இறைச்சித் தூள்’ போன்ற உலர்ந்த பொருளாக இருப்பது நல்லது. இறைச்சித் தூள் என்றதும் மட்டமான சரக்கு என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். தண்ணீரும் கொழுப்பும் நீங்கியதால் அதில் புரதம் 65 சதவீதம் வரை இருக்கும், உருண்டையில் உண்மையில் மிஞ்சுவது அதுதான். எந்த விலங்கு என்று பெயர் சொல்லாமல் வெறுமனே ‘இறைச்சித் தூள்’ என்று இருந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

இந்த வகையில் கெடுவது இரண்டு இடங்களில். ஒன்று கலோரி. முதல் பையில் தினம் 65 கிராம் போட்டவர் இரண்டாம் பைக்கு மாறிய பிறகும் அதே கரண்டியால் அள்ளினால் 226 கலோரி 247 ஆகிவிடும், ஒவ்வொரு நாளும் 9 சதவீதம் கூடுதல். கருத்தடை செய்த, வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனை பெருக்க இது போதும்.

மற்றொன்று பாஸ்பரஸ். எலும்பு அதிகம் கலந்த இறைச்சித் தூளில் சாம்பலும் பாஸ்பரஸும் ஏறும். சாம்பல் 10-ஐத் தாண்டினால் எலும்பு கூடுதல் என்று ஊகிக்கலாம். பாஸ்பரஸ் 1.5 சதவீதமும் 100 கிராமுக்கு 380 கலோரியும் இருந்தால், 1000 கலோரிக்கு கிட்டத்தட்ட 4 கிராம் பாஸ்பரஸ். சிறுநீரக நோய்க்கான மருத்துவ உணவுகளில் அது பொதுவாக 1.5 கிராமுக்கும் கீழே. வயதான பூனைக்கு இந்த வகையைத் தொடங்குமுன் ரத்தமும் சிறுநீரும் சோதித்துவிடுவது உத்தமம். சிறுநீரகம் பழுதான பூனைக்கு இது ஆகாது.

தானியமுள்ள பை

இதை ஒப்பீட்டில் சேர்க்காமல் விடுவது நியாயமில்லை. புரதம் பெரும்பாலும் இறைச்சியிலிருந்து வந்து, கொஞ்சம் அரிசி சேர்ந்த உணவு, பட்டாணியால் எண்ணை ஏற்றிய தானியமில்லா உணவைவிடப் பூனைக்கு நல்லது. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் தயங்காமல் அரிசிப் பையை எடுக்கலாம்.

‘பூனைக்கு அரிப்பு, அதனால் தானியத்தை நிறுத்துகிறோம்’ என்பது அடிக்கடி கேட்கும் காரணம். 2016-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில் உணவு ஒவ்வாமை உறுதியான 78 பூனைகளில் மாட்டிறைச்சி 18 சதவீதம், மீன் 17, கோழி 5. கோதுமையும் மக்காச்சோளமும் தலா 4. அதாவது பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாதது இறைச்சியின் புரதம். தானியமுள்ள கோழி உணவிலிருந்து தானியமில்லாக் கோழி உணவுக்கு மாறினால் கோழி அங்கேயேதான் இருக்கிறது. பல விலையுயர்ந்த பைகளில் கோழி, வான்கோழி, வாத்து, சால்மன், ஹெர்ரிங், முட்டை என்று ஐந்தாறு புரதங்களைக் கலக்கிறார்கள். பின்னாளில் உண்மையாகவே ஒவ்வாமை வந்தால், பூனை இதுவரை தின்னாத புரதம் எதுவென்று தேடுவது பெரும்பாடாகிவிடும். ஒவ்வாமையைக் கண்டறியும் வழி ஒன்றுதான். மருத்துவர் சொல்லும் புதிய ஒற்றைப் புரதத்தையோ, புரதத்தை நுண்துண்டுகளாக உடைத்த உணவையோ குறைந்தது 8 வாரம் கொடுத்து, வேறு எதையும் வாயில் படவிடாமல் பார்த்து, பிறகு பழைய உணவைத் திரும்பக் கொடுத்து அரிப்பு வருகிறதா என்று சோதிப்பது.

உறைய வைத்து உலர்த்திய பச்சை இறைச்சி

மாவுச்சத்து கிட்டத்தட்ட இல்லாத உலர் உணவு வேண்டும் என்கிறவர்கள் இதை நாடுகிறார்கள். எண்கள் கவர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் உறைய வைப்பதோ உலர்த்துவதோ கிருமியை நம்பகமாகக் கொல்லாது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஒரெகன் மாநிலத்தில், உறைந்த பச்சை வான்கோழி உணவைத் தின்ற பூனை ஒன்று ஹெச்5என்1 பறவைக் காய்ச்சலால் இறந்தது. வேகவைத்ததாகவோ உயர் அழுத்தம் போன்ற கிருமிநீக்க முறைக்கு உட்பட்டதாகவோ தெளிவாக எழுதியிராத பொருளை, குழந்தையோ முதியவரோ இருக்கும் வீட்டில் வைக்கவே வேண்டாம்.

எந்தப் பையானாலும் பார்க்க வேண்டியவை

‘முழுமையான, சமச்சீர் உணவு’ என்ற வாசகமும் எந்த வயதுக்கு என்ற குறிப்பும் இருக்க வேண்டும். ‘துணை உணவு’ என்றிருந்தால் அது நொறுக்குத் தீனி, அதை மட்டும் கொடுத்து வளர்க்க முடியாது. விலங்கு உணவுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பின் அளவுகோலின்படி, ஈரத்தை நீக்கிய கணக்கில், வளர்ந்த பூனைக்குக் குறைந்தபட்சப் புரதம் 26 சதவீதம், குட்டிக்கும் சினைப் பூனைக்கும் 30, கொழுப்பு 9, எக்ஸ்ட்ரூடரில் செய்த உலர் உணவில் டாரின் 0.10. ஐரோப்பாவில் ஃபெடியாஃப் என்ற அமைப்பு இதுபோன்ற வழிகாட்டு அளவுகளை வெளியிடுகிறது. இவை தரை மட்டம்தான், எண் அதைவிட வசதியாக மேலே இருக்கட்டும். ஈரத்தை நீக்கிக் கணக்கிட, பையில் உள்ள எண்ணை 100 கழித்தல் ஈரப்பதத்தால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். மேலே சொன்ன முதல் பையில் 34-ஐ 90-ஆல் வகுத்தால் 37.8 சதவீதம்.

‘எல்லா வயதுக்கும்’ என்று எழுதியிருந்தால் குட்டியின் தேவைக்கு ஏற்ப செய்தது என்று பொருள். சோம்பேறிக் கிழட்டுப் பூனைக்கு அது கலோரி மிகுதி.

பல் சுத்தமாகும் என்பதற்காக உலர் உணவைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். சாதாரண கிப்பிள் கடித்தவுடன் நொறுங்கிவிடும், பல்லைத் தேய்க்காது.

நீரிழிவு இருந்தால்

மாவுச்சத்து குறைந்த உணவு நீரிழிவுப் பூனைக்கு உதவும், சில பூனைகள் இன்சுலினே தேவைப்படாத நிலைக்கும் வரும். அதற்கென்று உலர் உணவைவிட, ஈரப்பதம் மிகுந்த வெட் ஃபுட்டையே மருத்துவர்கள் பெரும்பாலும் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும் பூனையின் உணவை மருத்துவரிடம் சொல்லாமல் மாற்றினால், சர்க்கரை ஏறுவது குறைந்தும் ஊசியின் அளவு அப்படியே இருந்து, தாழ்சர்க்கரையில் பூனை வலிப்பு கண்டு விழும். உணவும் ஊசியும் ஒரே நாளில் ஒருவர் கையால் மாற வேண்டும்.

எவ்வளவு போடுவது

கிலோவில் உடல் எடையின் 0.75 அடுக்கை 70-ஆல் பெருக்கினால், ஓய்வில் இருக்கும் பூனையின் ஒரு நாள் கலோரித் தேவை வரும். கால்குலேட்டரில் எடை × எடை × எடை என்று பெருக்கி, வர்க்கமூலம் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் அந்த அடுக்கு கிடைத்துவிடும். 4 கிலோ பூனைக்கு 198 கலோரி. கருத்தடை செய்த வீட்டுப் பூனைக்கு அதிலிருந்து 1.2 மடங்கு வரை, ஏறத்தாழ 200 முதல் 240. முதல் பையில் 57 முதல் 69 கிராம், இரண்டாம் பையில் 53 முதல் 63 கிராம். டம்ளர் அளவு நம்பத் தகாதது, சமையல் தராசில் நிறுத்துப் போடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூனையை எடை பார்த்து, கூடினால் 10 சதவீதம் குறையுங்கள். கிண்ணத்தை எப்போதும் நிரப்பியே வைக்கும் வீட்டில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

தண்ணீரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 4 கிலோ பூனைக்கு நாளுக்குச் சுமார் 200 மில்லி நீர் வேண்டும். 60 கிராம் உலர் உணவில் கிடைப்பது 5 மில்லிதான். பூனைக்குத் தாக உணர்வு மந்தம். எனவே எந்த உலர் உணவைத் தேர்ந்தாலும் கலோரியில் மூன்றில் ஒரு பங்காவது வெட் ஃபுட்டாகக் கொடுப்பது, தானியமா இல்லையா என்ற வாதத்தைவிட அதிகப் பலன் தரும். சிறுநீர் அடைப்பு வந்த ஆண் பூனைக்கு இது விருப்பத் தேர்வே கிடையாது, கட்டாயம்.

மாற்றும் விதம்

முதல் மூன்று நாள் புதியது கால் பங்கு, அடுத்த மூன்று நாள் பாதி, பிறகு முக்கால், பத்தாம் நாள் முழுவதும். மலம் இளகினால் முந்தைய படிக்குத் திரும்பி மூன்று நாள் நிற்கவும். கொழுப்பு மிகுந்த உணவுக்குப் போகும்போது இது சகஜம், சில பூனைகளுக்கு மூன்று வாரம் ஆகும். ‘பசித்தால் தின்னும்’ என்று பட்டினி போடும் வித்தை நாயிடம் பலிக்கலாம், பூனையிடம் ஆபத்து. இரண்டு மூன்று நாள் தின்னாத பூனைக்கு, குறிப்பாகக் கொழுத்த பூனைக்கு, உடல் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே உலை வைக்கும். 24 மணி நேரம் எதுவும் தொடவில்லை என்றால் பழைய உணவைக் கொடுங்கள், அதையும் தொடாவிட்டால் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

பை வீட்டுக்கு வந்தபின்

இறைச்சி மிகுந்த தானியமில்லா உணவில் கொழுப்பு 20 சதவீதம் என்பதால் காற்றுப்பட்டால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், டோகோஃபெரால் (வைட்டமின் ஈ) மட்டும் சேர்த்துப் பாதுகாத்ததென்றால் இன்னும் சீக்கிரம். 4 வாரத்தில் தீரும் அளவுப் பையையே வாங்குங்கள். ஒரே பூனை, தினம் 55 கிராம் என்றால் அது ஒன்றரைக் கிலோதான். பெரிய பை மலிவாகத் தெரியும், பாதிக்கு மேல் பூனை முகர்ந்துவிட்டு நகரும். பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டாமல், பையோடு டப்பாவுக்குள் வையுங்கள். கொட்டினால் அடியில் ஒட்டிய பழைய எண்ணெய் புதிய சரக்கையும் கெடுக்கும், தயாரிப்பு எண் எழுதிய பையும் குப்பைக்குப் போய்விடும். நிறுவனம் சரக்கைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தால் அந்த எண்ணைத்தான் முதலில் தேட வேண்டியிருக்கும்.